பெண் பார்க்க வந்தவருக்குக் கொலஸ்ட்ரால் பொடி

உடம்புக்கு ஒரு வியாதி வந்தால் மனிதன் பாதி டாக்டராகிவிடுகிறான். அந்த வியாதி கொஞ்சம் குறைந்துவிட்டால் முழு டாக்டராகிவிடுகிறான். இந்த இரண்டாவது ஆளிடம்தான் ஊர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இதை அனுபவத்தில் சொல்கிறேன். (அனுபவித்தது என்னவோ வேறொரு பெரிய மனிதர். எழுதிக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்டேன். "உள்ளத உள்ளபடி எழுதுப்பா, என்னை மட்டும் கொஞ்சம் ஒல்லியா காட்டு" என்றார்.)

கள்ளக்குறிச்சியில் நான் உரக்கடை வைத்திருக்கிறேன். யூரியா, பொட்டாஷ், பூச்சி மருந்து, களைக்கொல்லி எல்லாம் கிடைக்கும். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கிளம்புகிற நெடியில் பக்கத்து டீக்கடைக்காரர் தும்மிக்கொண்டேதான் முதல் டீயை ஆற்றுவார். இப்படிப்பட்ட நான், அதே கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, "எல்லாம் இயற்கையா இருக்கணும்ங்க, கெமிக்கலே ஆவாது" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் உபதேசம் செய்த ஒரு காலம் உண்டு. களைக்கொல்லி டப்பாவை அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டேதான் உபதேசம் செய்தேன். கேட்டவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ரத்தப் பரிசோதனை. நாற்பதைத் தொட்ட புதிதில், படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் ரிப்போர்ட்டையும் என் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கெட்ட கொழுப்பு ஜாஸ்தியா இருக்கு. தினமும் நடங்க. ராத்திரி பரோட்டாவை நிறுத்துங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கலாம். அப்பவும் குறையலன்னா மாத்திரை ஆரம்பிச்சிடலாம்" என்றார்.

நான் பரோட்டா பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வயிற்றைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

எனக்கு மாத்திரை என்றால் பயம். கடைக்கு வருகிறவர்கள் அந்தப் பயத்துக்கு உரம் போட்டார்கள். "ஆரம்பிச்சா வுட முடியாதுங்க" என்றார் ஒருவர். "கிட்னி போய்டும்" என்றார் இன்னொருவர். கூடவே ஆளுக்கொரு வைத்தியமும் சொன்னார்கள். பச்சைப் பூண்டு, ஊறவைத்த வெந்தயம், ஆளி விதை, மருதம்பட்டை, இசப்கோல் உமி என்று நீண்டுகொண்டே போனது. செல்போனில் ஒருவர் வெள்ளை வேட்டியோடு தோன்றி, கடுக்காய் இருக்க டாக்டர் எதற்கு என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது, ஏனென்றால் கடுக்காய்க்கு நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

கல்வராயன் மலையில் எனக்கு வாடிக்கையாளர்கள் உண்டு. மக்காச்சோள விதை விஷயமாக மாதம் ஒரு தடவை கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறுகிற ரோட்டில் வெள்ளிமலைப் பக்கம் போய் வருவேன். அங்கே கோவிந்தன் என்று ஒரு விவசாயி, என் வயதுதான் இருக்கும். சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். அவர் வீட்டு வாசலில் அன்று கடுக்காய் காய்ந்துகொண்டிருந்தது. போன தடவை அதை மிதித்துத்தான் நான் வழுக்கினேன்.

"கோவிந்தா, இது கொழுப்பைக் கரைக்குமாமே" என்றேன்.

"கரைக்குதோ இன்னாவோ, யாருக்குத் தெரியும்ங்க. தோல் பதப்படுத்துறவங்களுக்கு மூட்டை மூட்டையா போய்க்கினு இருக்குது."

"நீங்கல்லாம் சாப்புட மாட்டீங்களா?"

"வயிறு கட்டிக்கினா துளி நக்கிக்கிறதுதான். கொழுப்புக்கு நாங்க எங்க போறது. இந்த மேட்ல ஏறி எறங்கறதுலயே எல்லாம் போய்டுது."

'வயிறு கட்டிக்கொண்டால்' என்பதையும் 'துளி' என்பதையும் என் காது வாசலிலேயே நிறுத்திவிட்டது. மாட்டுத் தோலையே பதப்படுத்துகிற சரக்கு என் ரத்தக் குழாயைப் பதப்படுத்தாதா என்று ஒரு கணக்குப் போட்டு, ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

பிறகு செய்ததுதான் முக்கியம். எந்த வைத்தியத்தையும் விட மனம் வராமல், எல்லாவற்றையும் ஒன்றாகக் காயவைத்து மாவு மில்லுக்குக் கொண்டுபோனேன். கடுக்காய், வெந்தயம், ஆளி விதை, மருதம்பட்டை, காய்ந்த பூண்டு எல்லாம் ஒரே அரைப்பில் அரைத்து, வீட்டுக்கு வந்ததும் இசப்கோலைக் கலந்தேன். (எனக்குப் பின்னால் மில்லுக்கு வந்தவர்களின் கேழ்வரகு மாவு ஒரு வாரம் பூண்டு நாற்றம் அடித்ததாம். மில்காரர் இன்னும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.) கடைக்கு வருகிற ஒவ்வொரு விவசாயியிடமும், "ரெண்டு மருந்த ஒரே டேங்க்ல கலந்து அடிக்காதீங்க, பயிர் கருகிடும்" என்று சொல்கிற வாய் இது. பயிருக்குச் சொன்ன புத்தியை நான் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சின்ன ஸ்பூன் போட்டுக்கொண்டேன். காலையில் கொஞ்சம் அவசரமாக எழ வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நடையும் நடந்தேன். பரோட்டாக் கடை இருக்கிற தெருவை விட்டுவிட்டு அடுத்த தெரு வழியாக வீட்டுக்கு வந்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கொழுப்பு நன்றாகவே இறங்கியிருந்தது.

டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். "நடக்கறீங்களா?" என்றார். நடக்கிறேன் என்றேன். "பரோட்டா?" விட்டுவிட்டேன் என்றேன். "அதான் விஷயம்" என்றார்.

நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். பொடியைப் பற்றி மூச்சுவிடவில்லை. பாவம், அவர் பிழைப்பைக் கெடுப்பானேன் என்று ஒரு பெருந்தன்மை.

வீட்டில் என் மனைவி செல்விதான் வழக்கம்போல் குறுக்கே வந்தாள். "நடந்ததால கொறைஞ்சிதுன்னு ஏன் வச்சிக்கக் கூடாது?"

"அப்படி வச்சிக்கினா பொடி எதுக்கு?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

இவளுக்கு விஞ்ஞானம் புரியாது என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை வனிதாவுக்கு ஒரு வரன் வந்தது. அப்பா இறந்த பிறகு வீட்டுப் பொறுப்பு என்னுடையது. வனிதா ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதற்கு முன் வந்த வரன்களில் ஒன்று ஜாதகத்தில் நின்றது, இன்னொன்றை, வேலையை விடச் சொன்னார்கள் என்று அவளே வேண்டாம் என்றுவிட்டாள். ஒவ்வொன்றும் தட்டிப்போகும்போது அவள் விடைத்தாள் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அம்மா சாமி அறைக்குள் போய்விடுவார். எனக்குச் சாப்பாடு இறங்காது.

இந்த மாப்பிள்ளை செந்தில், திருக்கோவிலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவனும் கணக்கு வாத்தியார். ஏதோ ஆசிரியர் பயிற்சியில் இரண்டு பேரும் பார்த்திருக்கிறார்கள். "எனக்குப் புடிச்சிருக்கு அண்ணி" என்று வனிதா செல்வியிடம் சொன்னாளாம். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

"இது நடந்தே ஆவணும்ங்க. நீங்க மட்டும் ஜாஸ்தி பேசாதீங்க" என்றாள் செல்வி.

பெண் பார்க்கிற நாள் வந்தது. விடியற்காலையிலிருந்து செல்வியும் அம்மாவும் சமையலறையில்தான் இருந்தார்கள். வடை, பாயசம், சாம்பார், ரசம், அப்பளம் என்று ஒரு பந்திக்கே சமைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் சம்மதம் இருந்தால்தான் பெண் வீட்டில் சாப்பிடுவார்கள். அதைக் கை நனைப்பது என்போம். கை நனைத்துவிட்டால் அதற்கப்புறம் பேச்சு மாறக் கூடாது. எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி. அதனால்தான் சமையல் வாசனை வாசல்வரை வர வேண்டும் என்று கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைத்திருந்தோம்.

மாப்பிள்ளை, அவன் அம்மா, அப்பா மூன்று பேரும் வந்தார்கள். அப்பா ராமலிங்கம், கரும்பு விவசாயி, ஆறடி உயரம். (ஒல்லியாகத்தான் இருந்தார். சரிதானே மாமா?) அவர் வழக்கத்தில் கறார். காபித் தட்டை நீட்டியதும் கையை உயர்த்தித் தடுத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. முடிவு சொல்லாம எந்த வூட்லயும் நான் காபிகூடக் குடிக்கறதில்ல. எங்கப்பாவும் அப்படித்தான். வூட்டுக்குப் போய் நாலு பேரைக் கலந்துகினு அப்புறமா சொல்லுவோம்."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சொல்கிறோம் என்று போனவர்கள்தான் இதற்கு முன்பும் சொல்லாமலே போனார்கள். கூடத்தில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அன்றைக்கு மின்தடை என்று முதல் நாளே சொல்லியிருந்தார்களாம், எங்கள் வீட்டில் யார் காதிலும் விழவில்லை.

ராமலிங்கம் துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று சொன்னார்: "கொஞ்ச தூரம் நடந்தா மூச்சு வாங்குது. கொழுப்பு இருக்குதான்னு டெஸ்ட் எடுக்கச் சொல்லிக்கினே இருக்கறாங்க. யாரு போறது."

செல்வி சமையலறை வாசலிலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று அர்த்தம். ஆனால் தண்ணீர் திறந்துவிட்டாகிவிட்டது. வாய்க்கால் என்ன செய்யும்?

பேசினேன். நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு, ரத்தக் குழாய், மலைக் கடுக்காய், என் ரிப்போர்ட் இறங்கிய கதை எல்லாவற்றையும் பேசினேன். அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் இயற்கையா?"

"நூத்துக்கு நூறு இயற்கைங்க."

"கோளாறு ஒண்ணும் ஆவாதே?"

"இயற்கையில இன்னாங்க கோளாறு?"

அவர் யோசித்தார். "ஆனா நான் ஒண்ணும் சாப்பிட மாட்டேன்னு இப்பதான் சொன்னேன்."

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. "இது சாப்பாடு இல்லியேங்க, மருந்து. மருந்து வழக்கத்துல சேராது" என்றேன்.

பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்கிற மாதிரி மீசையைத் தடவினார். "சேராதுதான்" என்றார்.

அவர் மனைவி மெதுவாக, "காலைல சக்கர மாத்திரை, பிரஷர் மாத்திரை ரெண்டும் போட்டுகினு கெளம்பினீங்க. வயித்துல இன்னும் ஒண்ணும் இல்ல" என்றார்.

"வெறும் வயித்துலதான்மா ஜாஸ்தி வேலை செய்யும்" என்றேன். அப்படி எவரும் என்னிடம் சொன்னதில்லை. அந்த நிமிடம் எனக்கே தோன்றியது.

அடுத்தது அளவு. நான் போட்டுக்கொள்வது சின்ன ஸ்பூனில் ஒன்று. ஆனால் சம்பந்தி ஆகப்போகிற மனிதருக்குச் சின்ன ஸ்பூனில் கொடுத்தால் மரியாதையாக இருக்குமா? சாம்பார் ஊற்றுகிற குழிக்கரண்டியை எடுத்தேன். ஒரு கரண்டி போட்டேன். ஒன்றோடு நிறுத்தினால் கஞ்சத்தனமாகத் தெரியும் என்று இரண்டாவது போட்டேன். இரண்டோடு நிறுத்துவது நல்ல காரியத்துக்கு ஆகாது என்று மூன்றாவதும் போட்டேன். வெள்ளி டம்ளரில் கலக்கிக் கொண்டுபோவதற்குள் இசப்கோல் ஊறிக் கெட்டியாகிவிட்டது. டம்ளரைக் கவிழ்த்தாலும் கீழே விழாது போலிருந்தது.

"கெட்டியா இருக்குதே" என்றார்.

"சத்து ஜாஸ்திங்க" என்றேன்.

பாதியைக் குடித்தார், மீதியை வழித்துச் சாப்பிட்டார். மனிதர் எதையும் பாதியில் விடுகிறவர் இல்லை. தண்ணீர்கூட ஒரு மடக்குதான் குடித்தார்.

பிறகு வனிதா பட்டுப்புடவையில் வந்து வணங்கிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். செந்தில் தரையைப் பார்த்தான். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஊர், உறவு, மழை, கரும்பு வெட்டு எல்லாம் பேசினோம். "நீ இன்னா பாடம்மா எடுக்கற?" என்று ராமலிங்கம் கேட்டார். "கணக்கு" என்றாள் அவள். "கணக்குதான் எனக்கு…" என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்தினார். அவர் வயிற்றுக்குள்ளிருந்து வந்த சத்தம் எதிர் நாற்காலியில் இருந்த எனக்குக் கேட்டது.

"பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்றார்.

பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டையும் சுற்றிப் பார்ப்பது உண்டு. அவர் எங்கள் வீட்டில் பார்த்தது அந்த ஒரு அறையைத்தான். போய்விட்டு வந்து உட்கார்ந்தார், பேச வாயைத் திறந்தார், மறுபடி எழுந்தார். மூன்றாவது தடவை அவர் உட்காரவே இல்லை, பாதி வழியிலேயே திரும்பினார். உள்ளேயிருந்து குரல் வந்தது: "தண்ணி வரலைங்க."

மாடித் தொட்டி காலி. மோட்டார் போடக் கரண்ட் இல்லை. தெருமுனையில் ஒரு அடிபம்பு உண்டு. நான் கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடத்தோடு ஓடினேன். ஒரு குடத்தில் ஆகிற காரியமா அது? செந்தில் எழுந்து பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு வந்து பம்பை அடித்தான். வனிதா புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவனிடமிருந்து குடத்தை வாங்கினாள். அவளிடமிருந்து நான் வாங்கி, பாத்ரூம் கதவடியில் வைத்துவிட்டுக் காலிக் குடத்தோடு ஓடி வந்தேன். தெருவில் எல்லா வாசலிலும் ஆள் நின்றுவிட்டது. "இன்னாப்பா, வூட்ல இன்னா விசேஷம்?" என்று ஒருவர் கேட்டார். பொண்ணு பார்க்கிறோம் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இந்த அமளிக்கு நடுவில் செந்தில் வனிதாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "எட்டாம் வகுப்புக்கு அல்ஜிப்ரா எப்படி ஆரம்பிப்பீங்க?"

"மொதல்ல இந்தக் கொடத்தைப் புடிங்க, அப்புறம் சொல்றேன்" என்றாள் அவள். இரண்டு பேரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற அவன் அம்மா சிரிக்கவில்லை.

அடுத்த தடவை கதவு திறந்தபோது ராமலிங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். முகம் வெளுத்து, சட்டை முழுக்க வியர்த்திருந்தது. "கண்ணு இருட்டிக்கினு வருது" என்று சொல்லிவிட்டு அப்படியே சரிந்தார். நானும் செந்திலும் தாங்கிப் பிடித்துத் தரையில் படுக்கவைத்தோம். மனிதர் போய்விட்டால் என்ன செய்வேன்? நல்ல காரியத்துக்கு வந்தவரை நானே கொன்றுவிட்டேனா? அந்த நிமிடத்தை நினைத்து இன்றைக்கும் எனக்குச் சிரிக்க வருவதில்லை.

வனிதா என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "அண்ணா, அவருக்கு இன்னா குடுத்த?"

"இயற்கையாதாம்மா…"

"நீ பேசாத."

அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அது ராமலிங்கத்துக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அடிபம்புக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் முன்பு சிரித்த பெண் அவள்.

ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் பார்த்தால் என் டாக்டரம்மாவேதான். சர்க்கரை பார்த்தார்கள், தரைக்கு இறங்கியிருந்தது. பிரஷரும் அப்படியே. இடது கையில் குளுக்கோஸ் ஏறியது. கொஞ்ச நேரத்தில் ராமலிங்கம் கண்ணைத் திறந்து தன் மனைவியைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. செல்வி பொடி விஷயத்தைச் சொல்லிவிட, டாக்டரம்மா உடனே விசாரணையை ஆரம்பித்தார்.

"அந்தப் பொடியில என்னென்ன போட்டீங்க?"

சொல்ல ஆரம்பித்தபோது என் குரல் ஓரளவு நன்றாகத்தான் இருந்தது. மருதம்பட்டைக்கு வரும்போது பாதியாகிவிட்டது. பூண்டைச் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

"ஒண்ணொண்ணும் தனியா கெட்டது இல்ல. இசப்கோல், ஆளி விதை, வெந்தயம் எல்லாம் கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கும். நானே சில பேருக்குச் சாப்பிடச் சொல்றேன், அளவோட, நிறையத் தண்ணி குடிச்சு. ஆனா கடுக்காய் வயித்தைக் கழுவும். இசப்கோலும் சேர்ந்து இழுக்கும். வெந்தயம் சர்க்கரையை இறக்கும். இவர் ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை போட்டுட்டு ஒண்ணும் சாப்பிடாம வந்திருக்கார். பிரஷர் மாத்திரை வேற. எல்லாம் ஒரே பக்கம் தள்ளினா மனுஷன் விழாம என்ன செய்வார்? இவர் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவரா இருந்திருந்தா உங்க பூண்டுக்கும் பட்டைக்கும் சேர்த்து நான் பயந்திருக்கணும். நீங்க உரக்கடைதானே? எல்லா மருந்தையும் ஒரே டேங்க்ல கலந்தா அடிப்பீங்க?"

பக்கத்துக் கட்டில்காரர் என் வாடிக்கையாளர். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினார்.

"எனக்குக் கொறைஞ்சிதே மேடம்" என்றேன், கடைசி முயற்சியாக.

"பொடியும் கொஞ்சம் செஞ்சிருக்கலாம். பெரும்பாலும் நீங்க விட்ட பரோட்டா செஞ்சது. எது எவ்வளவுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என்கிட்ட சொல்லாம சாப்பிட்டா நான் எதை வச்சுப் பார்க்கறது?"

பெருந்தன்மை எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

போன கையோடு ராமலிங்கத்துக்கும் ரத்தம் எடுத்திருந்தார்கள். ரிசல்ட் வந்தது. என்னுடையதெல்லாம் சும்மா என்று சொல்கிற அளவுக்கு அவருக்குக் கொழுப்பு. டாக்டரம்மா என்னைப் பார்த்து, "உங்க பொடியால இவருக்குக் கிடைச்ச ஒரே நன்மை, இவரை இங்க கொண்டுவந்து படுக்கவச்சதுதான். இல்லன்னா இவர் வந்திருக்க மாட்டார்" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "இப்ப உடனே இவர் ஏதாவது சாப்பிடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடியும் கை நனைக்கிற விஷயத்திலேயே வந்து நின்றோம். செல்வி வீட்டுக்கு ஓடிப்போய், ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு அம்மாவோடு வந்தாள். ராமலிங்கம் அந்தக் கேரியரைப் பார்த்தார்.

"பொண்ணு வூட்டுச் சாப்பாடு. எப்படிச் சாப்புடறது" என்றார். குரல் எழும்பவில்லை, ஆனால் வழக்கம் மட்டும் எழுந்து நின்றது.

அவர் மனைவி, "இது அவங்க வூடு இல்ல, ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரில துன்னா கணக்கு இல்ல" என்றார்.

"சாப்பாடு அவங்க வூட்டுதுதானே?"

"டாக்டர் சொன்னதால இதுவும் மருந்துதான். காலைல மருந்துன்னு சொன்னதும் மூணு கரண்டி துன்னீங்களே, அப்ப எங்க போச்சி உங்க வழக்கம்?"

இரண்டு பேரும் நியாயம் பேசப் பேச ரசம் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. நான் கட்டில் காலடியில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். செந்தில் அப்பாவையே பார்த்தான். வனிதா கேரியரைத் திறந்து, தட்டில் போட்டு, கட்டில் ஓரத்தில் வைத்தாள். அவள் கை குடத்துத் தண்ணீரில் ஊறி இன்னும் சுருங்கித்தான் இருந்தது. சாப்பிடுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

ராமலிங்கம் கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் இன்னும் ரெண்டு வூட்ல பொண்ணு இருக்குதுன்னு சொன்னாங்க. அங்கயும் போய்ப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு இருந்தேன்" என்றார். "ஆனா உங்க வூட்ல எனக்கு இனிமே போறதுக்கு மானம்னு ஒண்ணும் பாக்கி இல்ல. தெருவே வந்து பாத்துட்டுது. வேற வூட்டுக்குப் போய் மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்கறதுக்கு எனக்குத் தெம்பும் இல்ல."

வலது கையை நீட்டி, சாதத்தில் வைத்துப் பிசைந்து, முதல் கவளத்தை எடுத்து வாயில் போட்டார்.

இரண்டாவது கவளம் எடுக்கும்போது, "கை நனைச்சாச்சு. மத்தத அப்புறம் பேசிக்கலாம். ரசத்துல உப்பு கம்மியா இருக்குது" என்றார். அம்மா அழுதுவிட்டார். வனிதா வேகமாக வெளியே போய், வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பின்னால் போனேன். திரும்பி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், பிறகு என் தோளிலேயே சாய்ந்துகொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. அந்த அடி மட்டும் இரண்டு நாள் வலித்தது.

கல்யாணம் சிறப்பாகவே நடந்தது. பந்தியில் முதல் இலை சம்பந்திக்கு. பெண்ணின் அண்ணன் என்ற முறையில் நானே வாளியை எடுத்துக்கொண்டு பரிமாறப் போனேன். ராமலிங்கம் மாமா இலைக்கு மேல் கையை விரித்து மறித்தார்.

"இரு. மொதல்ல நீ உக்காரு."

மண்டபமே பார்த்தது. பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். எல்லாப் பதார்த்தத்திலும் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் எழவிடவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமையல்காரர் பதறிப்போய் ஓடி வந்தார்.

"வயிறு எப்படி இருக்குது?" என்றார் மாமா.

"நல்லா இருக்குது மாமா."

"அப்ப எல்லாரும் உக்காருங்கப்பா" என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

அன்று ஆரம்பித்ததுதான். அவர் இப்போது மாத்திரையும் நடையுமாக நன்றாக இருக்கிறார். நானும் எதைச் சாப்பிட்டாலும் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் இரண்டு குடும்பத்திலும் வளைகாப்போ காதுகுத்தோ எது நடந்தாலும், முதலில் எனக்கு மட்டும் தனியாக ஒரு இலை போட்டுவிடுகிறார்கள். நான் சாப்பிட வேண்டும். எல்லாரும் சுற்றி நின்று கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகுதான் பந்தி.

போன வருடம் ஒரு காதுகுத்தில், சேலத்திலிருந்து வந்திருந்த ஒரு புது உறவுக்காரர் இதைப் பார்த்துவிட்டு, இது என்ன சடங்கு என்று வனிதாவின் மகளிடம் கேட்டார். அவள் விவரம் தெரிந்த நாளிலிருந்து இதைப் பார்த்தே வளர்ந்தவள்.

"பந்திக்கு முன்னாடி மாமா சாப்புடணும். மாமாவுக்கு ஒண்ணும் ஆவலன்னா மத்தவங்க சாப்புடலாம். எங்க வூட்டு வழக்கம்" என்றாள் அமைதியாக.

அவர் பயபக்தியோடு தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

போன மாதம் சேலத்தில் அவர் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தி போடுவதற்கு முன் பெண்ணின் தாய்மாமனை ஒரு தனி இலையில் உட்கார வைத்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்று அந்த மனிதர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்து விழித்தார். எனக்குக் காரணம் தெரியும். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் நான் சொல்லவில்லை.